ஒன்பது பழக்கங்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரைகளைப் பல வருடங்களாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல்முறை. எனக்கு 42 வயது. வேலைக்குப் போகிறேன். வீட்டில் மாமியார் படுத்த படுக்கையாக இருக்கிறார். அவரையும் இரண்டு பிள்ளைகளையும் நானும் கணவரும்தான் பார்த்துக்கொள்கிறோம். என் மனம் எப்போதும் எதையோ துரத்திக்கொண்டே இருக்கிறது. ஒரு பக்கத்தை முழுதாகப் படிக்க முடிவதில்லை. கை தானாக ஃபோனைத் தேடுகிறது.

இதைச் சரிசெய்ய ஜனவரியில் ஒரு நோட்டுப் போட்டேன். ஐந்து மணிக்கு எழுவது, தியானம், நடை, நாட்குறிப்பு, வாசிப்பு என்று மொத்தம் ஒன்பது பழக்கங்கள். செய்த நாளில் கட்டத்தை நிரப்ப வேண்டும். 21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்றார்கள். பன்னிரண்டாம் நாள் மாமியாருக்குக் காய்ச்சல். அதோடு எல்லாம் நின்றது. பிறகும் இருமுறை தொடங்கி விட்டுவிட்டேன். இப்போது அந்த நோட்டைப் பார்த்தாலே குற்றவுணர்வு. தியானத்தில் பத்து நிமிடம்கூட உட்கார முடிவதில்லை. எனக்கு மன உறுதி இல்லையா? எங்கிருந்து தொடங்குவது?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது ஒன்றுதான். உங்கள் வீட்டில் ஒரு பழக்கம் ஒருநாளும் தவறாமல் நடக்கிறது. எழுந்து நடமாட முடியாத ஒருவரைக் கழுவித் துடைத்து, திருப்பிப் படுக்கவைத்து, மருந்து கொடுக்கிறீர்கள். காய்ச்சல் வந்தபோதும் நீங்கள் அதை விடவில்லை, அதற்காக மற்ற அனைத்தையும் விட்டீர்கள். அதற்கு உங்கள் நோட்டில் ஒரு கட்டம்கூட இல்லை. மன உறுதி இல்லாதவர் செய்கிற காரியமா இது?

அந்த 21 நாள் கணக்கை முதலில் மறந்துவிடுங்கள். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் எழுதியதிலிருந்து பரவியது அது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு தங்கள் புதிய முகம் பழகிப்போக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று அவர் கவனித்தார். ‘குறைந்தது’ என்பதைப் பின்னால் வந்தவர்கள் உதிர்த்துவிட்டார்கள். லண்டனில் ஃபிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் பின்தொடர்ந்தபோது, ஒரு சிறிய செயல் தானாக நடக்கும் நிலையை எட்டச் சிலருக்கு 18 நாள் ஆனது, சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். நடுவில் நின்ற எண் 66. அந்த ஆய்வில் உங்களுக்கு வேண்டியது வேறொன்று: இடையில் ஒருநாள் தவறியதால் பழக்கம் உருவாவதில் பெரிய பாதிப்பு இல்லை. அவர்கள் ஆராய்ந்ததும் ஆளுக்கு ஒரே ஒரு செயலைத்தான்.

நீங்கள் ஒன்பதை எடுத்தீர்கள். இத்தகைய பட்டியல்கள் மீது எனக்குக் கோபமே உண்டு. இரவில் யாரும் கூப்பிட்டு எழுப்பாத, வீட்டு வேலையை வேறொருவர் பார்த்துக்கொள்ளும் மனிதருக்காகப் போடப்பட்டவை அவை. நள்ளிரவில் இருமுறை எழுந்து நோயாளியைப் பார்க்கும் ஒருவர் ஐந்து மணிக்கு அலாரம் வைப்பது தன் தூக்கத்தைத் தானே பறித்துக்கொள்வது. தூக்கம் குறைந்தால் முதலில் தடுமாறுவது கவனம். அந்த அலாரத்தை இன்றே எடுத்துவிடுங்கள்.

உங்கள் மனம் ஓடுவதற்குக் காரணம் பழக்கங்களின் குறைவு என்று நான் நினைக்கவில்லை. உங்கள் நாளில் எந்த வேலையும் முடிவதில்லை, எல்லாம் பாதியில் வெட்டுப்படுகிறது. ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் எழுதினார். உடல் அடுத்த அறைக்கு வந்துவிடும், மனத்தின் ஒரு துண்டு வந்திருக்காது. தினம் இருபது முறை இப்படி நடந்தால் மாலையில் கையில் மிஞ்சுவது எவ்வளவு?

இதற்கு லெராயே பின்னர் ஓர் எளிய வழியையும் ஆராய்ந்தார். யாராவது கூப்பிட்டால் எழுவதற்கு முன் அரை நிமிடம் எடுத்து, எங்கே நிறுத்தினேன், திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்வேன் என்று ஒரு வரி எழுதிவைப்பது. எழுதிவிட்டால் மனம் அதைச் சுமக்க வேண்டியதில்லை. அலுவலகத்திலும் இதைச் செய்யலாம், அடுப்படியிலும் செய்யலாம். உங்களுக்கு நான் சொல்லும் முதல் பழக்கம் இது.

இரண்டாவது, படுக்கப் போகும் முன் ஐந்து நிமிடம். அன்று நடந்ததை எழுத வேண்டாம், இனிச் செய்ய வேண்டியவற்றை எழுதுங்கள். அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கல்லின் குழு 57 இளைஞர்களை வைத்து இதைச் சோதித்து 2018இல் வெளியிட்டது. முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட, செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். எவ்வளவு திட்டவட்டமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வந்தது. ‘மருந்து’ என்று எழுதாமல் ‘செவ்வாய் மாலை, அலுவலகம் விட்டதும், மருந்து வாங்க வேண்டும்’ என்று எழுதுங்கள்.

ஃபோனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு எடுக்காமலிருக்கப் போராடுவது வீண். படிக்கும் நேரத்தில் வேறு அறையில் இருக்கட்டும். வீட்டிலிருந்து அவசர அழைப்பு வரக்கூடும் என்றால் மணியோசையைக் கூட்டி வையுங்கள், கேட்கும்.

வாழ்க்கை நிறைவாக இருப்பது பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அந்தக் கேள்விதான் இருக்கிறது. 2010இல் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் இருவரும் 2,250 பேரிடம் ஃபோன் வழியாக, எதிர்பாராத நேரங்களில், இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா, எப்படி உணர்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஏறத்தாழ பாதி நேரம் மனம் வேறெங்கோ இருந்தது. அப்போது அவர்கள் பொதுவாக மகிழ்ச்சி குறைந்திருந்தார்கள், பிடிக்காத வேலையைச் செய்துகொண்டிருந்தாலும் அப்படியே. இதை உங்கள் வீட்டுக்குப் பொருத்திப் பார்க்கிறேன். மாமியாரின் கையைத் துடைக்கும்போது மனம் நாளைய கூட்டத்தில் இருந்தால் அது வெறும் சுமை. அந்தப் பத்து நிமிடம் அவரது கையில் மட்டும் கவனம் இருந்தால், தோலின் சூட்டையும் விரல்களின் பிடியையும் உணர்ந்தால், வேலை குறையாது, ஆனால் அந்த நேரம் உங்களுடையதாகிவிடும். தியானத்தில் தேடுவதும் இதைத்தான். தனியே உட்காருவது கடினமாக இருந்தால் இப்போதைக்கு விட்டுவிடலாம். வெற்று அறையில் தன் எண்ணங்களோடு 6 முதல் 15 நிமிடம் இருப்பதே பலருக்குப் பிடிக்கவில்லை என்று 2014இல் டிமதி வில்சன் குழுவின் ஆய்வு சொன்னது. உங்களிடம் விசேஷமான குறை எதுவும் இல்லை.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். கணவரிடமிருந்து. தினமும் ஒரு மணி நேரம், நேரம் குறித்து, வீட்டின் பொறுப்பு முழுவதும் அவருடையதாக இருக்க வேண்டும். அந்நேரத்தில் மாமியார் அழைத்தாலும் பிள்ளைகள் அழைத்தாலும் போகிறவர் அவர். அதேபோல அவருக்கும் ஒரு மணி நேரம் நீங்கள் கொடுங்கள். அவருக்கும் அது தேவைப்படும். எந்த நேரம் யாருக்கு என்பதை இன்றிரவே பேசி முடிவு செய்யுங்கள்.

அன்புடன்.