பால் பவுடரை ஆறிய நீரில் கலக்கலாமா?

கேள்வி: குழந்தைக்கு ஒரு மாதம் ஆகிறது. தாய்ப்பால் போதாததால் பால் பவுடரும் கொடுக்கும்படி மருத்துவர் சொல்லியிருக்கிறார். காய்ச்சி ஆறவைத்த நீரைப் பிளாஸ்கில் ஊற்றிவைத்து, இரவில் அதிலேயே கலக்கலாம் என்கிறார் மாமியார். சரியா?

நீரைக் காய்ச்சியது சரி, ஆறவைத்ததுதான் சரியில்லை. பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான் செய்கிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். என் இரட்டைக் குழந்தைகளுக்கும் தொடக்கத்தில் புட்டிப்பால் தேவைப்பட்டது. அப்போது வார்டில் இருந்த செவிலியர் முதலில் சொன்னதே இதைத்தான்: கிருமி நீரில் மட்டுமல்ல, பவுடரிலும் இருக்கலாம்.

சீல் பிரிக்காத டின்னில் இருந்தாலும் பால் பவுடர் கிருமி நீக்கப்பட்ட பொருள் அன்று. குரோனோபாக்டர் என்ற பாக்டீரியா அதில் அரிதாக இருக்கும். பெரியவர்களை அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ஆனால் இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கும் குறைமாதக் குழந்தைக்கும் இரத்தத் தொற்றையும் மூளைக்காய்ச்சலையும் உண்டாக்கக்கூடியது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட வழிகாட்டி, பவுடரில் ஊற்றும் நீர் 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையக்கூடாது என்கிறது. நீர் கொதித்து இறக்கிய அரை மணி நேரத்துக்குள் கலந்துவிட்டால் அந்தச் சூடு இருக்கும். கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ எதுவானாலும் கொதிக்க வைத்தே ஆகவேண்டும்.

கலந்தபின் புட்டியை மூடி, குழாய் நீரில் காட்டியோ குளிர்ந்த நீருள்ள கிண்ணத்தில் நிறுத்தியோ ஆற்றுங்கள். மணிக்கட்டின் உட்புறம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, சுடாவிட்டால் கொடுக்கலாம். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். புட்டி ஆறியிருக்கும், நடுவில் உள்ள பால் வாயைச் சுட்டுவிடும்.

உங்கள் டின்னில் வெதுவெதுப்பான நீர் என்று அச்சிட்டிருந்தால் டின்னையே எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள். சில வகைகளில் நன்மை செய்யும் நுண்ணுயிர்களைச் சேர்த்திருப்பார்கள்; கொதிநீர் அவற்றை அழித்துவிடும் என்பதால் அப்படிப் போடுவதுண்டு. உங்கள் குழந்தைக்கு எது முக்கியம் என்பதை அவர்தான் சொல்லவேண்டும்.

இரவுக்குப் பிளாஸ்க் உதவும், ஆனால் கொதிக்கக் கொதிக்க, நிறைய ஊற்றி, இறுக்கி மூடவேண்டும். பவுடரை மட்டும் அளந்து, ஈரமில்லாத சிறு டப்பாக்களில் போட்டுவையுங்கள். முன்கூட்டியே பாலாகக் கலந்து அறையில் வைக்காதீர்கள். கலந்த பால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்கக்கூடாது. குழந்தை வாய் வைத்த புட்டியில் மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். பவுடர் விற்கிற விலைக்கு மனம் கேட்காதுதான். அதனால் குறைவாகக் கலந்து, கேட்டால் மறுபடி கலந்து கொடுங்கள்.

அளவு விஷயத்தில் யார் பேச்சையும் கேட்காதீர்கள். முதலில் நீரை அளந்து ஊற்றிவிட்டுப் பிறகு பவுடர். அந்த டின்னோடு வந்த கரண்டியால், தலைதட்டி எடுக்கவேண்டும். இங்கே பல வகைகளில் 30 மில்லிக்கு ஒரு கரண்டி என்றிருக்கும். உங்கள் டின்னில் உள்ளதே உங்களுக்குக் கணக்கு. 'கெட்டியாகக் கொடுத்தால் நன்றாகத் தூங்கும்' என்று ஒரு கரண்டி கூட்டுவார்கள். குழந்தைக்கு மலச்சிக்கலும் நீரிழப்பும் வரும். டின் நாலு நாள் கூட வரட்டும் என்று நீர்க்கக் கலப்பது இன்னும் கொடுமை: எடை ஏறாது, இரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்புகூட வரலாம்.

புட்டியும் நிப்பிளும் பிரஷ் போட்டுக் கழுவியபின், முழுவதும் மூழ்கும்படி நீரில் பத்து நிமிடம் கொதிக்கவேண்டும். முடிந்தால் பாலாடையில், அதாவது மூக்கு வைத்த சிறு கிண்ணத்தில், புகட்டிப் பழகுங்கள். இடுக்கில்லாததால் சுத்தம் செய்வது எளிது; குழந்தை மருத்துவர்கள் பலரும் அதையே விரும்புகிறார்கள். புட்டிதான் என்றால், குழந்தையின் தலையைச் சற்று உயர்த்தி மடியில் வைத்து, இடையிடையே நிறுத்திக் கொடுங்கள். தலையணையில் புட்டியைச் சாய்த்துவைத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள், புரையேறும்.

'தாய்ப்பாலே சிறந்தது' என்று டின்னில் போடவேண்டும் என்பது 1992-ஆம் ஆண்டுச் சட்டம். நல்ல சட்டம். ஆனால் மருத்துவர் சொல்லிப் பவுடர் வாங்கிய நீங்கள் அந்த வரியைப் பார்த்துக் கலங்கவேண்டியதில்லை. ஒவ்வொரு வேளையும் முதலில் மார்பில் போட்டுவிட்டுப் பிறகு இதைக் கொடுங்கள், பால் ஊறுவது நிற்காது.

காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது, பச்சையாக வாந்தி, சிறுநீர் குறைவது, இவற்றில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.