தோட்டக் குளத்து மீன்கள் ஏன் சாகின்றன? கேள்வியும் பதிலும்

கேள்வி: நேற்று மாலை வரை நன்றாக நீந்திய மீன்கள் இன்று காலையில் செத்து மிதக்கின்றன. பெரியவை மட்டுமே போயின; குஞ்சுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் பச்சையாக இருக்கிறது. யாராவது விஷம் கலந்திருப்பார்களா?

பதில்: அக்கம்பக்கத்தார் மேல் சந்தேகம் வேண்டாம். விஷமென்றால் பெரும்பாலும் குஞ்சுகளும் தப்பியிருக்காது. விடியற்காலை, பெரிய மீன், பச்சைத் தண்ணீர் என்று விடையை நீங்களே சொல்லிவிட்டீர்கள்: ஆக்சிஜன் பற்றாக்குறை. பகலில் வெயில் பட்டு ஆக்சிஜனை வெளியிடும் பாசி, இருட்டியதும் மீன்களோடு போட்டி போட்டு அதைச் சுவாசிக்கும். ஆகவே சூரியன் உதிப்பதற்குச் சற்று முன்புதான் குளத்தில் ஆக்சிஜன் மிகக் குறைவு. தேவை அதிகமுள்ள பெரிய மீன்கள்தான் முதலில் தவிக்கும்.

வெயில் காலத்தில் நிலைமை இன்னும் மோசமாகும். 10 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 11 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரைதான். அது 5-க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாளை விடியும் முன் விளக்கோடு போய்ப் பாருங்கள். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் சந்தேகமே இல்லை. காற்றூட்டியோ நீரூற்றோ இருந்தால் இரவு முழுவதும் ஓடட்டும். பலர் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இரவில்தான் நிறுத்துகிறார்கள். நேர் தலைகீழான வேலை இது. இரண்டு நாள் தீனி வேண்டாம். பாசிக்கொல்லியை ஒரேயடியாக ஊற்றிவிடாதீர்கள். செத்த பாசி அழுகும்போது மிச்சமுள்ள ஆக்சிஜனும் போய்விடும்.

கேள்வி: புதிதாகக் கட்டிய சிமென்ட் குளம். தண்ணீர் நிரப்பி ஒரு வாரம் விட்டுத்தான் மீன் வாங்கி விட்டேன். அடித்தரை தெரியும் அளவுக்குத் தெளிவான தண்ணீர். ஆனாலும் ஒவ்வொன்றாகச் சாகின்றன.

பதில்: தெளிவை நம்பாதீர்கள். அமோனியாவுக்கு நிறமில்லை. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதைப் பெரிதும் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் வடிகட்டியில் குடியேற 4 முதல் 6 வாரம், சில வேளை அதற்கும் மேல் ஆகும். மீன் இல்லாத குளத்தில் அவற்றுக்கு உணவும் இல்லை. நீங்கள் காத்திருந்த வாரத்தில் எதுவும் வளர்ந்திருக்காது.

இதோடு சிமென்ட்டும் கைகோத்துக்கொள்கிறது. பூச்சிலிருந்து கசியும் சுண்ணாம்பு, தண்ணீரின் பிஎச் அளவை, அதாவது காரத்தன்மையை, ஏற்றிவிடும். 25 டிகிரியில் பிஎச் 7 என்றால் மொத்த அமோனியாவில் நச்சு வடிவில் இருப்பது ஒரு சதவீதம்கூடக் கிடையாது. பிஎச் 9 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அமோனியா அளவை மட்டும் பார்த்துவிட்டு, 'கொஞ்சம்தானே' என்று நிம்மதி அடைவது இதனால்தான் ஆபத்து.

பிஎச், அமோனியா, நைட்ரைட் மூன்றையும் இன்றே சோதியுங்கள். முடிந்தால் மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டு, குளத்தைப் பலமுறை நிரப்பி வடித்து, மீனுக்குத் தீங்கு செய்யாத பூச்சு ஒன்றைப் பூசுங்கள். பிஎச்சை இறக்க அமிலம் ஊற்றவே கூடாது. அந்தத் திடீர் மாற்றமே மீனைக் கொன்றுவிடும்.

கேள்வி: காற்றூட்டி ஓடியும் மீன்கள் மூச்சுத் திணறுகின்றன. செத்த மீனின் செவுள் பழுப்பாக இருந்தது.

பதில்: செவுளைத் திறந்து பார்த்தீர்களே, பாதி வேலை முடிந்தது. பழுப்புச் செவுள் நைட்ரைட்டின் அடையாளம். இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை அது கெடுத்துவிடும். காற்று இருந்தும் பயனில்லை. கால் பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். அயோடின் சேர்க்காத உப்பை லிட்டருக்கு 1 கிராம் கணக்கில் தனியே கரைத்துச் சிறிது சிறிதாகச் சேருங்கள். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே உள்ளே நுழைவதைத் தடுக்கும்.

கேள்வி: குழாய்த் தண்ணீர் மாற்றிய சில மணி நேரத்தில் எல்லாம் செத்துவிட்டன.

பதில்: குளோரின். காற்றோட்டத்தோடு ஒரு நாள் வைத்திருந்தால் அது வெளியேறிவிடும். சில இடங்களில் குளோரினுக்குப் பதிலாகக் குழாய்த் தண்ணீரில் கலக்கும் குளோரமைன் அப்படிப் போகாது. அதற்கு, அதை முறிக்கும் நீர்ச்சீராக்கித் திரவம் கட்டாயம் வேண்டும்.

கேள்வி: கடையில் மூன்று மருந்துகள் தந்தார்கள். எதை முதலில் ஊற்றலாம்?

பதில்: எதையும் வேண்டாம், தண்ணீரைச் சோதிக்கும் வரை. ஃபார்மலின் கலந்த மருந்து ஆக்சிஜனைக் குறைக்கும். வேறு சில, வடிகட்டி பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். தண்ணீர் சரியாக இருந்தும் மீன்கள் கல்லில் உடலை உரசினால், வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால், நாளுக்கு ஒன்றிரண்டாகச் செத்தால் ஒட்டுண்ணியைச் சந்தேகிக்கலாம். அப்போதும் தோல்வழவழப்பை நுண்ணோக்கியில் பார்த்த பிறகே மருந்து.

கேள்வி: மீன்கள் குறைந்துகொண்டே வருகின்றன. செத்த மீன் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

பதில்: அது நோயல்ல, கொக்கு அல்லது நாரை. குளத்தின் மேல் வலை கட்டுங்கள்.

கேள்வி: செத்த மீனை ஆய்வுக்குக் கொடுக்க முடியுமா?

பதில்: முடியும், ஆனால் செத்து மணிக்கணக்கில் மிதந்த மீனில் ஒன்றும் தெரியாது. அப்போதுதான் செத்ததைப் பையிலிட்டுப் பனிக்கட்டி மேல் வையுங்கள், உறைய விடாதீர்கள். தண்ணீரை வேறு சுத்தமான புட்டியில் தனியாக எடுத்துச் செல்லுங்கள். பக்கத்துச் செடிக்குப் பூச்சிமருந்து அடித்திருந்தால் அதன் பெயரையும் நாளையும் எழுதிக் கொடுங்கள்.