கொட்டியது எந்தக் கோப்பி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, என் மகன் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. காலையில் தாத்தாவின் கோப்பியைத் தட்டிவிட்டான், வெள்ளைச் சட்டையின் முன்பக்கம் பூராவும் கறை. கட்டி சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, அவசரத்துக்கு அயர்ன் பண்ணி அனுப்பிவிட்டேன். இப்போது மஞ்சளாக நிற்கிறது. குளோரக்ஸ் வெளுப்புத் திரவத்தில் ஊறப் போடலாமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தாத்தா குடித்தது என்ன கோப்பி என்று எழுதாமல் விட்டுவிட்டீர்களே! கோப்பி ஓ கோசோங் என்றால் வெறும் சாயம்தான், சீக்கிரம் போய்விடும். கோப்பி ஓ என்றால் கூடவே சீனி. வெறும் 'கோப்பி' என்றால் டின்னில் வரும் இனிப்புக் கட்டிப்பால் சேர்ந்தது, அதாவது சாயம், சீனி, கொழுப்பு, பால் புரதம் எல்லாம் ஒன்றாக உட்கார்ந்துவிடும். தாத்தாக்கள் பெரும்பாலும் கட்டிப்பால் ஆட்கள், அதனால் அப்படியே வைத்துச் சொல்கிறேன்.

நீங்கள் செய்ததில் இரண்டு தப்பு. கட்டி சவர்க்காரம் கோப்பிச் சாயத்தைத் துணியிலேயே பிடித்துவைத்துவிடும், இந்தக் கறைக்குச் சலவைத்தூளோ திரவமோதான் சரி. அடுத்தது அயர்ன். சீனித்தண்ணி காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது, சூடு பட்டதும் கருகி மஞ்சளாகக் கிளம்பும். நாங்கள் ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தபோது அண்ணன் சட்டையில் இப்படித்தான் ஆனது. அம்மா கரி இஸ்திரிப் பெட்டியில்தான் அழுக்கு என்று நினைத்து அதை வாழை இலையில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார், பாவம்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. பால் புரதத்தை உடைக்கும் என்சைம் உள்ள சலவைத்தூளை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ராத்திரி முழுக்க ஊற வையுங்கள், கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், பால் இன்னும் இறுகிவிடும். காலையில் அலசிப் பாருங்கள். மிச்சம் இருந்தால் பார்மசியில் விற்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைக் கறை மேல் மட்டும் நனைத்து, அரை மணி நேரம் விட்டு நன்றாக அலசுங்கள். வெள்ளைச் சட்டைக்குத்தான் இது, நீலக் கால்சட்டையில் போட்டால் நிறம் போகலாம். வெயிலில் காய வைத்துப் பார்த்து, கறை முழுக்கப் போயிருந்தால் மட்டும் அயர்ன் பெட்டியைத் தொடுங்கள்.

குளோரக்ஸ்? சுத்தப் பருத்தி என்றால் கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்ளலாம். பள்ளிச் சட்டை பாதிக்கு மேல் பாலியெஸ்டர் கலந்ததுதான், சிலது குளோரக்ஸ் பட்டே மஞ்சளாகிவிடும். வினிகரோடு மட்டும் அதைக் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு வரும், பின்கட்டுக் குளியலறையில் மூச்சு முட்டிப்போகும்.

அடுத்த தடவை கொட்டினால் அப்போதே சட்டையை உள்பக்கம் திருப்பிக் குழாய்த் தண்ணீரைப் பின்னாலிருந்து விடுங்கள், வந்த வழியே போகட்டும். அப்புறம் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு விரலால் மெதுவாகத் தடவி, பத்து நிமிடம் கழித்து அலசுங்கள். லேசாகச் சாயம் நின்றால் ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து ஒற்றினால் போதும். மரம் சீவிவிட்டு வந்த அம்மாவின் சட்டையில் ஒட்டிக் காய்ந்த ரப்பர் பாலோடு பார்த்தால் கோப்பியெல்லாம் கறையே இல்லை.

கேள்வி: கோயில் திருவிழாவில் பட்டு வேட்டியில் கோப்பி ஓ சிந்திவிட்டது. உங்கள் என்சைம் தூளையே போடலாமா?
– வாசகர், பீடோர்

பதில்: ஐயோ, வேண்டாம் அண்ணே! பட்டும் புரதம்தான், பால் புரதத்தைத் தின்கிற என்சைம் வேட்டியையும் தின்னும். குளோரக்ஸும் அப்படியே. வெள்ளைத் துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்து ஒற்றி எடுங்கள், தேய்த்தால் பளபளப்பு போய்விடும். ஜரிகைக்கரையில் பட்டிருந்தால் நீங்களாக ஒன்றும் செய்யாமல், என்ன சிந்தியது என்று சொல்லி டிரை கிளீனிங் செய்யும் டோபியிடம் கொடுத்துவிடுங்கள். சீனி சேர்ந்ததென்று மறக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: கோப்பி வடிகட்டும் துணிப்பையை வெள்ளையாக்க வழி உண்டா?
– வாசகி, தெலுக் இந்தான்

பதில்: எதற்கு? சவர்க்காரம் போட்டால் நாலு நாளைக்குக் கோப்பியில் அந்த வாசனைதான் வரும். சுடுதண்ணீரில் அலசிக் காற்றில் தொங்கவிடுங்கள். என் மாமனார் புதுப் பை வாங்கினால் முதல் வேலையாக அதைக் கோப்பித்தூளோடு கொதிக்க வைத்துக் கருப்பாக்கிவிட்டுத்தான் பயன்படுத்துவார்.