இயக்குநர் செர்கேய் லோஸ்னிட்சாவின் 'தி ட்ரயல்' ஆவணப்படத்தில் வரும் வழக்கு நிஜமா, நடிப்பா?

கேமரா நிஜம், நீதிமன்றமும் நிஜம், குற்றம்தான் கட்டுக்கதை. 2018-ல் வந்த இந்தப் படம், 1930-ல் மாஸ்கோவில் நடந்த 'தொழில்துறைக் கட்சி' வழக்கின் பழைய படச்சுருள்களைத் தொகுத்தது. அப்படி ஒரு கட்சியே கிடையாது. ஆனாலும் குற்றம் சாட்டப்பட்ட பேராசிரியர் ராம்சின் மைக் முன் நின்று, பிரான்சோடு சேர்ந்து சோவியத் அரசுக்கு எதிராகச் சதி செய்ததாகப் பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்கிறார். மரண தண்டனையை வாசித்ததும் அரங்கம் கைதட்டுகிறது. விளக்கம் சொல்ல பின்னணிக் குரல் இல்லாததால், கொஞ்ச நேரத்துக்கு நாமே நம்பிவிடுவோம். இயக்குநரின் சாமர்த்தியம் அதில்தான் இருக்கிறது.

குற்றம் சாட்டப்பட்ட 8 பேரில் 5 பேருக்கு மரண தண்டனை, பிறகு அதைச் சிறையாகக் குறைத்தார்கள். அப்புறம் நடந்தது இன்னும் கூத்து: அரசு வழக்கறிஞர் கிரிலென்கோவையே 1938-ல் சுட்டுக் கொன்றார்கள், ராம்சினுக்கு 1943-ல் ஸ்டாலின் பரிசு!