வாசகர் கேள்வி–பதில்: தேர் வீதியும் காகிதக் கோப்பையும்

கேள்வி: எங்கள் ஊர்த் தேரோட்டத்தில் வழிநெடுக நீர்மோர், பானகம், புளியோதரை வழங்குகிறோம். பிளாஸ்டிக்கைத் தவிர்த்துக் காகிதக் கோப்பைக்கு மாறியும், ஆங்காங்கே தொட்டிகள் வைத்தும், தேர் நிலைக்கு வருவதற்குள் வீதி குப்பைமேடாகிவிடுகிறது. வேறு வழி உண்டா?
– ஒரு வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: காகிதக் கோப்பை முழுக்கக் காகிதமன்று. நீர் கசியாதிருக்க அதன் உட்புறத்தில் பாலித்தீன் பூசப்பட்டிருக்கிறது. நனைந்த கோப்பையைக் கிழித்துப் பார்த்தால் அந்தச் சவ்வு தனியே இழுபடுவதைக் காணலாம். தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த தடைப் பட்டியலில் தண்ணீர்ப் பாக்கெட், பிளாஸ்டிக் கொடி ஆகியவற்றோடு இத்தகைய கோப்பையும் இடம்பெற்றிருக்கிறது. மோர் படிந்த கோப்பையைப் பழைய பேப்பர்க் கடைக்காரரும் வாங்கமாட்டார்.

தேர் வீதியில் எவ்வளவு குப்பை சேரும் என்பதைத் தீர்மானிப்பவர்கள் வாங்கிக் குடிப்பவர்கள் அல்லர், வழங்கும் உபயதாரர்களே. ஆகவே கொடியேற்றத்துக்கு முன்பே அவர்களைக் கூட்டி, எதில் வழங்குவது என்பதை முடிவு செய்துவிடுங்கள். மோருக்கும் பானகத்துக்கும் எவர்சில்வர் டம்ளர் போதும். அண்ணாந்து குடிக்கும் பழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது, கழுவுவதற்கு இரண்டு அண்டாத் தண்ணீரும் இரண்டு ஆட்களும் கிடைத்தால் பந்தல் தடையின்றி நடக்கும். புளியோதரைக்கு ஈர்க்குக் குத்திய இலைத் தொன்னை நல்லது. ஸ்டேப்ளர் கம்பி அடித்த தொன்னையைத் தவிருங்கள்; இலையோடு கம்பியையும் மாடு விழுங்கிவிடும்.

தொட்டியைப் பந்தலை ஒட்டி வைப்பதால் பயனில்லை. நடந்துகொண்டே உண்பவர் உண்டு முடிக்கும் இடத்தில், அதாவது கூட்டம் நகரும் திசையில் சற்றுத் தள்ளி வைத்து, பக்கத்தில் ஒரு தொண்டரையும் நிறுத்துங்கள். இலைக் கழிவில் பாலித்தீன் பை கலந்துவிட்டால் அது உரத்துக்கும் உதவாது, மறுசுழற்சிக்கும் உதவாது. பிறகு அதைக் கையால் பிரிக்கும் வேலை தூய்மைப் பணியாளர் தலையில்தான் விழும். நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சிகளில் குப்பையைப் பிரித்து ஒப்படைப்பது ஏற்பாட்டாளரின் பொறுப்பு என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே கூறியிருக்கின்றன.

கேள்வி: மேலைநாட்டு ஊர்வலங்களிலும் இந்தத் தொல்லை உண்டா?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: தாராளமாக உண்டு. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் நடக்கும் மார்டி கிரா ஊர்வலங்களில் அலங்கார வண்டிகளிலிருந்து பிளாஸ்டிக் மணிமாலைகளைக் கூட்டத்தை நோக்கி வீசுவது வழக்கம். செயின்ட் சார்லஸ் அவென்யூவின் ஒரு சிறு பகுதியிலிருந்த மழைநீர் வடிகால்களிலிருந்து மட்டும் சுமார் 42 டன் மணிமாலைகள் அள்ளப்பட்டதாக 2018-இல் நகர நிர்வாகம் அறிவித்தது. அறிவுசார் குறைபாடுடையோருக்கு வேலை தரும் ஆர்க் என்னும் அமைப்பு அங்கே பழைய மாலைகளைச் சேகரித்து, தரம் பிரித்து, மீண்டும் விற்கிறது. நற்பணிதான், ஆயினும் விற்ற மாலை அடுத்த ஆண்டு திரும்பவும் வீதியில்தான் வந்து விழுகிறது. அதைவிட, 2025 ஊர்வலத்தில் பிளாஸ்டிக் மணிமாலையே வேண்டாம் என்று விலக்கிய க்ரூ ஆஃப் ஃப்ரெரெட் குழுவினரின் முடிவே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.