நான் சுருதி சேராமல் பாடுகிறேன் என்று சிரிக்கிறார்கள். பிறவியிலேயே சுருதி ஞானம் இல்லாதவர்கள் உண்டா, நான் அப்படித்தானா?

உண்டு. ஆனால் நீங்கள் அந்த ஆளாக இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. உங்களுக்கும் சின்ன வயதில் யாரோ ஒருவர் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார், அது ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். எனக்குச் சொன்னவர் பள்ளிக்கூட டீச்சர். ஐந்தாம் வகுப்பு ஆண்டு விழா, கூட்டுப்பாட்டு. ஒத்திகையில் என் பக்கத்தில் வந்து குனிந்து, "நீ வாயை மட்டும் அசை, சத்தம் வரக் கூடாது" என்றார். அப்படியே செய்தேன். விழா முடிந்து வரும்போது அம்மா, "உன் குரல் தனியாக் கேட்டுச்சுடா" என்றாள். அதற்கப்புறம் 38 வருஷம் நான் பாத்ரூமில்கூடப் பாடியதில்லை.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை. மகளுக்குப் பாட்டு கிளாஸ் ஹாலில் நடக்கிறது, நான் சமையலறையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறேன். தம்புரா எனக்கு எரிச்சலாகவே கேட்டது. கடைசியில் எட்டிப் பார்த்து, "அந்த முதல் தந்தி மட்டும் அழுவுற மாதிரி இருக்கே" என்றேன். பாட்டு டீச்சர் மீட்டிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார், அடியில் இருந்த மணியை ஒரு மயிரிழை நகர்த்தினார். "ஆமா சார், பஞ்சமம் இறங்கியிருக்கு. நீங்க பாடுவீங்களா?" சிரித்துவிட்டேன். அவர் விடவில்லை. ஸ பிடிக்கச் சொல்லி, பாடும் சுருதியை ஊசியில் காட்டும் ட்யூனர் ஆப்பை முன்னால் வைத்தார். ஊசி அரைக் கட்டை கீழே நின்றது. பாடும்போது எனக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பதிவைப் போட்டுக் காட்டியதும் கூசிப்போனேன், அவ்வளவு அப்பட்டமாகத் தப்பு.

அன்று முதல் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். நான் டாக்டர் இல்லை, வங்கியில் வேலை, எனவே கமெண்டில் வரும் மருத்துவர்களும் வித்வான்களும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அழுத தந்தி விஷயம் இதுதான். முதல் தந்தி ப, அதாவது பஞ்சமம். ஸ-வின் அதிர்வு இரண்டு பங்கு என்றால் மேலே உள்ள ப மூன்று பங்கு. ஒரு தந்தியை மீட்டினால் அதன் அதிர்வைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஒலிகளும் கூடவே வரும். ஆகவே கடைசித் தந்தியான மந்தர (கீழ் ஸ்தாயி) ஸ-வின் மூன்றாம் மடங்கும், ப தந்தியின் இரண்டாம் மடங்கும் ஒரே இடத்தில் விழ வேண்டும். கொஞ்சம் விலகினாலும் இரண்டும் மோதி அலை அலையாகக் கேட்கும். உள்காதில் நத்தைக்கூடு மாதிரி ஒரு சுருள் இருக்கிறது, நீட்டினால் சுமார் 35 மில்லிமீட்டர்தான் வரும். வாசல் பக்கம் உச்ச ஒலி, சுருளின் நுனியில் மந்தர ஒலி என்று இடம் பிரித்து வைத்திருக்கிறது. அந்த வரைபடம் மூளையில் ஒலியைக் கேட்கும் பகுதி வரை அப்படியே போகிறது. ஆனால் மூளை வெறுமனே இடத்தைப் பார்த்துச் சுருதி சொல்வதில்லை, கணக்குப் போடுகிறது. பழைய டெலிபோனில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலியே வராது, ஆண் குரலின் அடிச்சுருதியோ 100, 120 பக்கம். ஆனாலும் அப்பா பேசினால் அப்பாவின் கட்டைக் குரலாகத்தானே கேட்கும்? மேலே உள்ள மடங்குகளை வைத்து, இல்லாத அடிச்சுருதியை மூளையே கண்டுபிடித்துக்கொள்கிறது.

அதைவிட எனக்கு ஆச்சரியம், ஸ எது என்று முடிவு செய்வது. மகளின் கீபோர்டில் கறுப்புக் கட்டைகளை மட்டும் வாசித்துப் பாருங்கள். எஃப் ஷார்ப்பை ஸ என்று அடியில் பிடித்துக்கொண்டால் மோகன ராகம். அதே ஐந்து கட்டைகள், ஏ ஷார்ப்பைப் பிடித்தால் ஹிந்தோள ராகம். காதில் விழும் ஸ்வரம் மாறவே இல்லை, மூளை எதை வீடாக வைத்துக்கொண்டது என்பதுதான் மாறியது. கிரக பேதம் என்று நம் ஆட்கள் பேர் வைத்தது இதற்குத்தான். 1982-ல் குரும்ஹான்ஸல், கெஸ்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மேற்கத்திய ஸ்கேலில் இதையே அளந்தார்கள்: ஒரு சுருதியைக் காதில் பதியவைத்து, ஒற்றை ஸ்வரம் வாசித்து, எவ்வளவு பொருந்துகிறது என்று மார்க் போடச் சொன்னார்கள். முதல் மார்க் ஆதார ஸ்வரத்துக்கு.

இப்போது உங்கள் கேள்விக்கு. பிறவியிலேயே இது பிடிபடாதவர்களுக்கு அம்யூசியா என்று பெயர். மான்ட்ரியலில் இசபெல் பெரெட்ஸ் இதைப் பல வருஷம் ஆராய்ந்தவர். நூறில் நாலு பேர் என்பது பழைய கணக்கு, 2017-ல் அவர்களே அதை ஒன்றரைக்குக் குறைத்துவிட்டார்கள். அப்படிப்பட்டவர்களுக்குத் தெரிந்த பாட்டில் ஒரு ஸ்வரத்தைத் தப்பாக வாசித்தாலும் உறுத்தாது. சுருதி விலகிப் பாடுகிற மற்றவர்கள் வேறு ரகம். 2007-ல் ஃபோர்ட்ரெஷர், பிரௌன் என்ற ஆய்வாளர்கள் அவர்களைச் சோதித்துப் பார்த்தபோது, சுருதி வித்தியாசத்தைக் கேட்டுப் பிரிப்பதில் அவர்களுக்குக் குறை எதுவும் தெரியவில்லை. கேட்டதைத் தொண்டைக்கு அனுப்பும் வழியில்தான் ஏதோ தவறுகிறது. நீங்களே பார்க்கலாம்: யாரையாவது உங்களுக்குப் பிடித்த பாட்டை நடுவில் ஒரு தப்போடு வாசிக்கச் சொல்லுங்கள், நீங்கள் முகம் சுளித்தால் உங்கள் காது நன்றாக இருக்கிறது. "ஞானம் பிறவியில் வரணும்" என்று யாராவது எழுதுவார்கள், எழுதட்டும், நான் கச்சேரி பண்ணப் போகவில்லை.

இப்போது தினம் கால் மணி நேரம் ஸ மட்டும் பிடிக்கிறேன், மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். வீட்டில் முடியாது. மகள் காலை ஆறரைக்கு சரளி வரிசை பாடியதற்கே அசோசியேஷனிலிருந்து கடிதம் வந்தது. ஐந்தாம் மாடிக்காரர் மூன்று மாதமாக டைல்ஸ் அறுக்கிறாரே, அது யார் காதிலும் விழவில்லையாம். மெயின்டனன்ஸ் மட்டும் எல்லோருக்கும் ஒரே தொகை. சரி, அது வேறு கதை.

ஊசி நடுவில் மூன்று நான்கு விநாடி நிற்கிறது, பிறகு இறங்கிவிடுகிறது. இறங்குவது இப்போது ஆப்பைப் பார்க்காமலே கேட்கிறது.