கீபோர்டு யார் கையில் இருக்கிறது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு வயது 34. கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மென்பொருள் உருவாக்கத்தைக் கற்றுக்கொண்டு அந்தத் துறைக்கு மாற வேண்டும் என்பது என்னுடைய இரண்டு ஆண்டு ஆசை. இணைய வகுப்புகளில் சேர்ந்து பாதியிலேயே விட்டுவிட்டேன். பிறகு ஒரு பொறியாளரிடம் தனியாகக் கற்றேன். மிகத் திறமைசாலி. ஆனால் நான் தடுமாறும்போதெல்லாம் பெருமூச்சு விட்டு, “இது ரொம்பச் சுலபமாயிற்றே” என்று சொல்லி, அவரே எழுதிக் காட்டிவிடுவார். ஆறு வகுப்புகளோடு நின்றுவிட்டேன். குறை என்னிடமா, அவரிடமா? ஊக்கம் கொடுத்துச் சொல்லித்தரும் ஓர் ஆசிரியரை எப்படித் தேடுவது?

பதில்: குறை உங்களிடம் இல்லை. அவரிடமும் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இருந்திருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது. பத்து ஆண்டுகளாக நிரல் எழுதும் ஒருவருக்கு, தான் முதன்முதலில் எங்கே தடுக்கி விழுந்தோம் என்பது மறந்துபோயிருக்கும். கை பழகிவிட்ட எந்த வேலைக்கும் இந்த மறதி உண்டு. அதனால், நல்ல பொறியாளர் நல்ல ஆசிரியராகவும் இருப்பார் என்று எதிர்பார்த்துத் தேடத் தொடங்கியதுதான் முதல் பிசகு. நீங்கள் விசாரிக்க வேண்டியது அவர் எத்தனை பெரிய நிறுவனத்தில் வேலை பார்த்தார் என்பதை அல்ல; ஒன்றுமே தெரியாமல் வந்த ஒருவருக்கு இதற்கு முன் கற்றுக்கொடுத்திருக்கிறாரா, அவர்கள் எங்கே சிக்கினார்கள் என்பதைத்தான். இந்தக் கேள்விக்கு இரண்டு மூன்று உதாரணங்களைத் தயங்காமல் சொல்பவர், மாணவர்களைக் கவனித்திருக்கிறார் என்று பொருள்.

‘ஊக்கம் கொடுக்கும் ஆசிரியர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். இனிமையாகப் பேசுவதும் “அருமை, அருமை” என்று பாராட்டுவதும் மட்டுமே ஊக்கம் ஆகிவிடாது. பாராட்டிக்கொண்டே உங்கள் வேலையை எல்லாம் தானே செய்து முடித்துவிடும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் மூன்று மாதம் கழித்தும் தனியாக ஒரு பக்கம் எழுத வராது. 1976-இல் வுட், ப்ரூனர், ராஸ் என்ற மூன்று உளவியலாளர்கள், 3 முதல் 5 வயதுக் குழந்தைகள் மரக்கட்டைகளைக் கொண்டு பிரமிடு கட்டுவதற்கு ஓர் ஆசிரியர் எப்படி உதவுகிறார் என்று ஆராய்ந்து, அந்த உதவியைக் கட்டட வேலையில் கட்டப்படும் சாரத்தோடு ஒப்பிட்டார்கள். பொருத்தமான உவமைதான். சாரம் கட்டடத்தைத் தாங்குவதில்லை. வேலை செய்பவருக்கு நிற்க இடம் கொடுக்கிறது, சுவர் எழுந்த பிறகு பிரிக்கப்படுகிறது. எந்த இடத்தில் உதவ வேண்டும் என்பதோடு, எப்போது விலக வேண்டும் என்பதும் தெரிந்தவரையே நீங்கள் தேடுகிறீர்கள்.

அது சோதனை வகுப்பு ஒன்றிலேயே தெரிந்துவிடும். நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பதால் உங்களுக்குப் பழக்கமான உதாரணத்தையே எடுத்துக்கொள்கிறேன். ஐந்து நாள் செலவுகளைப் பட்டியலிட்டு அவற்றைக் கூட்டும் சிறிய நிரலைப் பைத்தான் என்ற நிரல் மொழியில் நீங்கள் எழுதுவதாக வைத்துக்கொள்வோம்: 120, 80, 200, 50, 150. ஒன்றாம் உறுப்பிலிருந்து ஐந்தாம் உறுப்புவரை என்று நினைத்து, எந்த எண்ணில் தொடங்கி எந்த எண்ணுக்கு முன்னால் நிற்க வேண்டும் என்று சொல்லும் ரேஞ்ச் என்ற கட்டளைக்குள் 1, 6 என்று கொடுக்கிறீர்கள். ஓட்டினால் இன்டெக்ஸ் எரர் வருகிறது. அப்படி ஓர் உறுப்பே இல்லை என்கிறது கணினி. அவசரத்தில் 6-ஐ 5 ஆக்குகிறீர்கள். எரர் போய்விடுகிறது, திரையில் 480 என்று விடை வருகிறது.

இந்த இடத்தில் ஆசிரியர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். ஒருவர், “பைத்தானில் எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும், இது அடிப்படை” என்று சொல்லிக்கொண்டே மவுஸைப் பிடுங்கித் திருத்திவிடுவார். இன்னொருவர், எரர் போன மகிழ்ச்சியை உங்களுக்குச் சில நொடிகள் விட்டுக்கொடுத்து, பிறகு “480 சரியான விடைதானா, எப்படி உறுதி செய்வீர்கள்?” என்று மட்டும் கேட்பார். நீங்கள் தாளில் கூட்டிப் பார்ப்பீர்கள். 600 வரும். கணக்கு டேலி ஆகவில்லை, 120 குறைகிறது, அது முதல் நாள் செலவு. முதல் உறுப்பை நிரல் தொடவே இல்லை என்பதை நீங்களே கண்டுபிடிப்பீர்கள். அப்போது அவர், “அப்படியானால் முதல் உறுப்பின் எண் என்னவாக இருக்கும்?” என்று கேட்டால், பதிலை நீங்கள் வாழ்நாளில் மறக்க மாட்டீர்கள். அதோடு, எரர் வராத நிரல் எல்லாம் சரியான நிரல் அல்ல என்ற இன்னும் பெரிய பாடமும் அந்த ஐந்து நிமிடத்தில் கிடைத்துவிடும்.

என் பங்குக்கு ஓர் ஒப்புதல் வாக்குமூலம். கற்றுக்கொடுக்கத் தொடங்கிய நாட்களில் நானும் மவுஸைப் பிடுங்கியவன்தான். ஒரு மாணவிக்கு மூன்று வாரம் அதே பிழையைத் திருத்திக்கொடுத்தேன். நான்காவது வாரம் அவர் தயங்கியபடி, “சார், நீங்கள் செய்யும்போது புரிகிறது, வீட்டுக்குப் போனால் கை வரவில்லை” என்றார். அன்றிலிருந்து வகுப்பு முழுக்க இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு உட்காரப் பழகினேன். கடினமாகத்தான் இருந்தது. மாணவர் யோசிக்கும் அரை நிமிட மௌனத்தைப் பொறுத்துக்கொள்வது, நிரல் எழுதுவதைவிடச் சிரமமான வேலை.

ஆகவே சோதனை வகுப்புக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். நீங்கள் எழுதி ஓடாமல் நின்றுபோன நிரல் ஒன்றைக் கொண்டுபோங்கள். பாடத்திட்டத்தை அவர் எவ்வளவு அழகாக விளக்குகிறார் என்பது எதையும் சொல்லாது. எல்லோரும் அதற்குத் தயாராகத்தான் வருவார்கள். உடைந்த நிரலை வைத்துக்கொண்டு உங்களோடு எப்படி உட்காருகிறார் என்பதே விஷயம். பிழைச் செய்தியை உங்களையே வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறாரா? பைத்தானில் அந்தச் செய்தியின் கடைசி வரியில்தான் பிழையின் வகை இருக்கும், அதற்குச் சற்று மேலே எந்த வரியில் நிரல் நின்றது என்பது இருக்கும். ஆகவே கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும் என்று ஒருமுறை காட்டிக்கொடுப்பவர், உங்களுக்குப் பல மாத உழைப்பை மிச்சப்படுத்துகிறார். தனக்குத் தெரியாத ஒன்று வந்தால் “தெரியவில்லை, ஆவணத்தில் பார்ப்போம்” என்று சொல்லி, உங்கள் கண்முன்னே தேடுகிறாரா என்பதையும் கவனியுங்கள். மென்பொருள் வேலையில் பாதி அப்படித் தேடுவதுதான். அதை மறைத்துவிட்டுச் சொல்லித்தருபவர் பாதி வேலையை மறைக்கிறார்.

இணையவழி வகுப்பென்றால், திரையைப் பகிர்வது நீங்களாக இருக்க வேண்டும், அவராக அல்ல. உங்கள் கணினியைத் தொலைவிலிருந்து இயக்க அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள். கற்பித்தலுக்கு அது தேவையில்லை.

எங்கே தேடுவது என்றால், விளம்பரங்களில் தொடங்காதீர்கள். மென்பொருள் உருவாக்கம் பரந்த துறை. இணையப் பக்கங்கள் எழுதுபவரும், கைப்பேசிச் செயலி எழுதுபவரும், தரவுகளைக் கையாள்பவரும் அன்றாடம் செய்யும் வேலை வெவ்வேறு. “கோடிங் கற்க வேண்டும்” என்று கேட்டால் யார் வேண்டுமானாலும் தலையாட்டுவார்கள். “கணக்குப் பதிவேடுகளைத் தானாகச் சரிபார்க்கும் நிரலைப் பைத்தானில் எழுத வேண்டும்” என்று கேட்டுப் பாருங்கள், தகுதியில்லாதவர்கள் தாங்களாகவே ஒதுங்கிக்கொள்வார்கள். உங்கள் அலுவலகத்திலேயே மென்பொருள் பிரிவு இருந்தால் அங்கே கேளுங்கள். ஓரிரண்டு ஆண்டு அனுபவமே உள்ள இளையவர்கள் பல நேரங்களில் மூத்தவர்களைவிட நன்றாகச் சொல்லித்தருவார்கள், ஏனென்றால் விழுந்த இடம் அவர்களுக்கு இன்னும் நினைவிருக்கும். பணம் கட்டி ஒருவரை அமர்த்துவதற்கு முன், எக்சர்சிசம் என்ற இலாப நோக்கற்ற தளத்தில் சில பயிற்சிகளைச் செய்து பாருங்கள். நீங்கள் எழுதிய தீர்வைத் தன்னார்வலர்கள் படித்துக் கட்டணமின்றிக் கருத்து எழுதுகிறார்கள். நல்ல வழிகாட்டல் எப்படியிருக்கும் என்ற சுவை நாக்கில் பட்டுவிட்டால், பிறகு மோசமானதை உடனே அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

கட்டணத்தை மொத்தமாக முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். வகுப்புக்கு வகுப்பு, அதிகம் போனால் நான்கு வகுப்புகளுக்கு ஒருமுறை என்று பேசிக்கொண்டு, வகுப்பை ரத்து செய்தால் என்ன வழி என்பதையும் மின்னஞ்சலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வேலை உத்தரவாதம் தருகிறேன் என்பவரையும், தேர்வையோ நேர்காணல் பயிற்சியையோ உங்களுக்குப் பதிலாகத் தானே முடித்துத் தருகிறேன் என்பவரையும் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

கேள்வி: தனி ஆசிரியரிடம் கற்றால் வகுப்பறையில் கற்பவர்களைவிடப் பல மடங்கு முன்னேறலாம் என்று ஆராய்ச்சி சொல்வதாக ஒரு பயிற்சியாளர் கூறுகிறார். உண்மையா? வாரத்துக்கு எத்தனை வகுப்புகள் வைத்துக்கொள்ளலாம்?

பதில்: அவர் சொல்வது 1984-இல் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் எழுதிய கட்டுரையாக இருக்க வேண்டும். தனியாகக் கற்பிக்கப்பட்ட சராசரி மாணவர், வழக்கமான வகுப்பறை மாணவர்களில் 98 விழுக்காட்டினரைவிட மேலே இருந்தார் என்பது அதன் புகழ்பெற்ற முடிவு. ஆனால் அந்த மாணவர்களுக்கு அடிக்கடி சிறு தேர்வுகள் வைக்கப்பட்டன, தவறியதைத் திருத்திக்கொண்ட பிறகே அடுத்த பாடத்துக்கு நகர்ந்தார்கள் என்பதை விளம்பரம் செய்பவர்கள் சொல்வதில்லை. 2011-இல் கர்ட் வான்லென் என்ற ஆய்வாளர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தனிப் பயிற்சியின் பலன் புளூம் கண்டதில் பாதிக்கும் குறைவாகவே வந்தது. அதுவும் குறைவான பலன் அல்ல. இருந்தாலும், ‘பல மடங்கு’ என்று சொல்பவரிடம், சிறு தேர்வும் திருத்தமும் உங்கள் வகுப்பில் உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

வகுப்புகளின் எண்ணிக்கை இரண்டாம் பட்சம். வாரம் ஒரு மணி நேர வகுப்பும், அதற்கு நான்கைந்து மணி நேரச் சொந்தப் பயிற்சியும் இருந்தால் வேலைக்குப் போகும் ஒருவருக்குப் போதும் என்பது என் அனுபவம். இரண்டு வகுப்புகளுக்கு இடையில் நீங்கள் எதுவும் எழுதவில்லையென்றால், அடுத்த வகுப்பைத் தள்ளிவைப்பதே நேர்மை. எழுதுவதை, நிரலில் செய்யும் மாற்றங்களை வரிசையாகச் சேமித்துவைக்கும் கிட் என்ற கருவியில் சிறு சிறு படிகளாகப் பதிந்துவாருங்கள். முடிவாக வந்த நிரலை மட்டும் பார்க்கும் ஆசிரியருக்கு நீங்கள் தடுமாறிய இடம் தெரியாது. பதிவுகளை வரிசையாகப் பார்ப்பவருக்கு, செவ்வாய் இரவு மூன்று முறை ஒரே வரியை மாற்றி எழுதியது தெரிந்துவிடும்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு உரையாடி எந்நேரமும் பதில் சொல்கிறதே, பிறகு ஆசிரியர் எதற்கு?

பதில்: கேட்டதற்கு அது பதில் சொல்லும், பெருமூச்சும் விடாது. முன் சொன்ன நிரலைக் கொடுத்தால் நொடியில் திருத்தியும் தந்துவிடும், அதாவது மவுஸைப் பிடுங்கும் ஆசிரியரின் வேலையை இன்னும் வேகமாகச் செய்யும். விடையைச் சொல்லாதே, ஒரு குறிப்பு மட்டும் கொடு என்று கட்டளையிட்டுப் பயன்படுத்தினால் பயன் உண்டு. ஆனால் கேட்கத் தெரியாத கேள்வி ஒன்று உங்களிடம் இருக்கிறது என்பதை, உங்கள் முகத்தையும் நீங்கள் தட்டச்சு செய்யாமல் நிறுத்திய இடத்தையும் பார்த்துக் கண்டுபிடிப்பது இன்றைக்கும் எதிரில் உட்கார்ந்திருப்பவர்தான். வகுப்புகளுக்கு இடையே அதைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் ஆசிரியரிடம் மறைக்காதீர்கள்.

கேள்வி: என் ஆசிரியர் மிக நல்லவர், பொறுமைசாலி. ஆனால் நான்கு மாதமாக முன்னேற்றம் தெரியவில்லை. அவர் மனம் நோகாமல் எப்படி நிறுத்துவது?

பதில்: நிறுத்துவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். நான்கு மாதத்துக்கு முன் எழுதிய ஒரு நிரலை, அதைப் பார்க்காமல், உதவியில்லாமல் இன்று மறுபடி எழுதிப் பாருங்கள். எளிதாக வந்துவிட்டால் முன்னேற்றம் இருக்கிறது, உங்கள் கண்ணுக்குத்தான் படவில்லை. வராவிட்டால் அந்தத் தாளையே ஆசிரியரிடம் எடுத்துச் சென்று, “இனிமேல் பாதி வகுப்பு நேரம் நான் தனியாக எழுதுகிறேன், நீங்கள் பேசாமல் பார்த்துக்கொண்டிருங்கள்” என்று கேளுங்கள். நல்லவர் என்றால் ஒப்புக்கொள்வார். மூன்று வகுப்புகள் அப்படி நடந்தும் மாற்றமில்லை என்றால், இரண்டு வரியில் நன்றி எழுதி அனுப்பிவிட்டு வேறு ஒருவரைப் பாருங்கள். காரணத்தை விரித்து எழுத வேண்டியதில்லை, அவரும் கேட்க மாட்டார்.